அம்மாவின் பட்டனை யாருக்கெல்லாம் அழுத்தலாம்

1

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில். இங்கே டவுன் பஸ் ஓட்டுகிறேன். மதிய ஓட்டம் முடிந்து டிப்போவில் டீக்குத் தண்ணீர் வைத்த நேரம்.

"மேடம், அஞ்சலை அம்மாவோட பொண்ணுங்களா?"

டீத் தண்ணீரை அப்படியே விட்டு எழுந்தேன். அம்மா கச்சிராயபாளையத்தில் தனியாக இருக்கிறாள். அவள் விழுந்தால், எழாமல் கிடந்தால் தெரிய வேண்டும் என்று அவள் வீட்டுச் சுவரில் கருவிகள் மாட்டியிருக்கிறோம். கழுத்தில் ஒரு அவசரப் பட்டன் தொங்குகிறது. அந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியிலிருந்துதான் இந்தப் போன்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட்."

"கம்ப்ளெயின்டா?"

"பட்டனை ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் அழுத்துறாங்க மேடம். பாம்பு கடிச்ச ஆளுக்கு அழுத்தினாங்க. பிரசவ வலி வந்த பொண்ணுக்கு அழுத்தினாங்க. ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அம்மாவுக்கும் அழுத்தினாங்க. அவங்களுக்குன்னு ஒரு தடவைகூட அழுத்தல."

சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க மேடம். ஒரு கனெக்‌ஷன்னா ஒரு ஆளுக்குத்தான். இப்படியே போனா சர்வீஸை நிறுத்திடுவோம்."

சிரிப்பு நின்றது. அந்தச் சர்வீஸ் நின்றால் அம்மா அவள் வீட்டில் இருக்க முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓசூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். அம்மாவே கொடுத்த வாக்கு அது.

2

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பெத்தவள மெஷின்கிட்ட வுட்டுட்டு நீ அங்க போயி உக்காந்துக்கினியா?"

ஆமாம். விட்டுவிட்டுத்தான் வந்தேன். இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக்கொண்டு, அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் அப்பா அம்மாவைப் பொங்கலுக்குத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிக் கவலை. வேறு வேலை இல்லை.

என் அம்மா கூலிக்காரி. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் நிலமெல்லாம் யார் யாருடையதோ. களை பறித்தது, கரும்பு வெட்டியது எல்லாம் அவள். கரும்பு இல்லாத மாதங்களில் கல்வராயன் மலை ஏறிப் போய் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிவிட்டு வருவாள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். எங்கள் இருவரையும் அவள் படிக்க வைத்தாள். அரசாங்கம் கொடுத்த தொகுப்பு வீட்டுக்கு மேல் தன் கையால் மண் சுமந்து இன்னொரு அறை எழுப்பினாள். வேறு யாருக்கும் அந்த வீட்டில் ஒரு செங்கல் பங்கு கிடையாது. அவள் அங்கேதான் இருப்பேன் என்கிறாள். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

இங்கே ஒரு முறை வந்தாள். விசாவுக்கு என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? அவளுக்குச் சொத்து இருக்கிறதா, திரும்பிப் போவாளா, போவாள் என்பதற்கு அத்தாட்சி என்ன? திரும்பிப் போவதற்கு அவளைவிட அவசரம் இந்த உலகத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அதை எந்தக் காகிதத்தில் காட்டுவது? வந்த இரண்டாம் வாரமே ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு கேட்டாள்.

"இன்னாடி இது, தெருவுல ஒரு ஆளக் காணோம்?"

"எல்லாரும் வூட்டுக்குள்ள இருக்காங்கம்மா."

"எழவு வூட்டுல கூட நாலு பேரு இருப்பாங்கடி."

எதிர் வீட்டில் மார்கரெட் என்று ஒரு கிழவி. அவர் கழுத்திலும் இதே மாதிரி பட்டன் தொங்குகிறது. கண்டால் கை ஆட்டுவோம். இத்தனை வருடத்தில் அவர் வீட்டு நடையை நான் தாண்டியதில்லை. அம்மா வந்த ஒரு மாதத்தில் மார்கரெட்டின் சமையலறை வரைக்கும் போய்விட்டாள். அவள் சுட்ட அடை அந்த வீட்டு மேசையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேரும் எந்தப் பாஷையில் பேசிக்கொண்டார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

விசா முடியும் முன்பே அம்மா கிளம்பிவிட்டாள்.

3

போன வருடம் தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. என் தம்பி ஏழுமலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். என்னையும் போனில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்து.

"இனிமே நீ இங்க தனியா இருக்கக் கூடாதும்மா. என்கூட வந்துடு."

"உன் வூட்டுல நான் இன்னாடா பண்றது? மூணாவது மாடியில காக்கா மாதிரி உக்காந்துக்கினு இருக்கணுமா?"

அப்போதுதான் நான் இந்தக் கருவிகளைப் பற்றிச் சொன்னேன். சமையல்கட்டில் ஒன்று, வாசல் கதவில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. ஆள் நடமாட்டம் இருந்தால் என் போனிலும் தம்பி போனிலும் பச்சைப் புள்ளி தெரியும். வழக்கமான நேரம் தாண்டியும் அசைவு இல்லை என்றால் சிவப்பு. கழுத்துப் பட்டன் அசைகிறதா என்பதும் அதில் தெரியும். காமிரா கிடையாது. "காமிரா கீமிரா வெச்சீங்கன்னா மேல சாணிய அப்பிடுவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

தம்பி ஒரு நிபந்தனை போட்டான்.

"சரி. ஆனா இது நின்னுபோனாலும் சரி, ஒரே ஒரு தடவ மணி அடிச்சு நான் ஓடி வர்ற மாதிரி ஆனாலும் சரி, நீ ஓசூருக்கு வந்துடணும். பேச்சு மாறக் கூடாது."

"வரேன்டா. நான் இன்னா பேச்சு மாறுற ஆளா?" என்றாள் அம்மா. சாட்சிக்கு நான்.

மாட்ட வந்த ஆள் சொல்லிக்கொடுத்ததை அம்மா வரி விடாமல் கேட்டுக்கொண்டாள். "இது உங்களுக்கு மட்டும்தாம்மா. வேற யாருக்கும் அழுத்தக் கூடாது." அம்மா தலையை ஆட்டினாள். சுவரில் ஒட்டிய வெள்ளைப் பெட்டிகளுக்கு அன்றைக்கே பேர் வைத்துவிட்டாள். பல்லி. தெருவில் கேட்டவர்களிடம் சொன்னாளாம்: "எம் பொண்ணு மூணு பல்லி அனுப்பிக்கிறா. நான் இன்னா பண்றேன்னு அவளுக்கு அதுதான் சொல்லும்."

இங்கே நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அங்கே விடியும். பஸ் ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. தொட்டால் வேலை போய்விடும். அதனால் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்ப்பேன். வாசல் பச்சை. சமையல்கட்டு பச்சை. டீ போடுகிறாள். அதன் பிறகுதான் என் சோறு இறங்கும்.

என் மகள் நிலாவின் போனிலும் இது இருக்கிறது. பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசினால் உடைந்து உடைந்து வரும். அவளுக்கு ஆயா என்றால் மூன்று பச்சைப் புள்ளி. ஒரு நாள் ஓடிவந்து, "அம்மா, ஆயாவோட கிச்சன் செத்துப்போச்சு" என்றாள். பெட்டியில் பேட்டரி தீர்ந்திருந்தது. அதைத்தான் சொன்னாள். திட்டினேன். எதற்குத் திட்டுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் பொறுமை இல்லை.

4

அந்த நாளுக்கு வருகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்தேன். வாசல் கதவு மட்டும் விடிவதற்கு முன்பே திறந்திருக்கிறது. சமையல்கட்டு அசையவில்லை. ஏதோ வேலையாக வெளியே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும் ஓட்டம் அது. இறங்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் நன்றி சொல்லிவிட்டு இறங்கும். இந்த ஊர்ப் பழக்கம் அப்படி. அன்றைக்கு ஒரு நன்றிக்கும் நான் பதில் சொல்லவில்லை.

ஓட்டம் முடிந்து பார்த்தால் மூன்று புள்ளியும் சிவப்பு. கழுத்துப் பட்டனும் அசையவில்லை. விடிந்து இவ்வளவு நேரம் அம்மா அடுப்பு மூட்டாமல் இருந்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட மூட்டினாள்.

அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் கோவிந்தன் மாமாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அவர் மனைவி பெரியாயி அத்தைக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஒரு தெருவே எடுக்கவில்லை என்றால் என்ன நினைப்பது?

தம்பிக்கு அடித்தேன்.

"பாத்தேன்கா. கம்பெனிக்குச் சொல்லிட்டேன். கள்ளக்குறிச்சியில இருந்து ஆம்புலன்ஸ் அனுப்புறாங்க. நான் வண்டி எடுத்துட்டேன்."

"டேய், வேற யார்கிட்டயாவது..."

"நீ ஒண்ணும் பேசாத. பல்லி, ஓணான்னு ஒரு வருஷம் ஓட்டுனீங்க ரெண்டு பேரும். போதும்."

டிப்போவில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தமிழில் கத்தியிருக்கிறேன்.

5

நடந்தது இது. கோவிந்தன் மாமா விடியற்காலையில் இறந்துபோனார். தெருவில் ஒரு சாவு விழுந்தால், பொணத்தை எடுக்கும் வரை எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. டீகூட அடுத்த தெருவிலிருந்துதான் வரும். எழவு வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனது எதுவானாலும் நனைத்து அலசாமல் வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. அதனால் ராத்திரி படுக்கும்போது கழற்றி மாட்டிய பட்டனை அம்மா ஆணியிலேயே விட்டுவிட்டாள். போனையும் அலச முடியாது. அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டாள். பறை அடிக்கிற சத்தத்தில் வேறு யார் போனும் யார் காதிலும் விழவில்லை.

கருவி பொய் சொல்லவில்லை. அடுப்பு எரியவில்லை, பட்டன் அசையவில்லை, வீட்டில் ஆள் இல்லை. எல்லாம் நிஜம். அம்மா செத்துவிட்டாள் என்பது மட்டும்தான் பொய்.

பொணத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கும்போது சைரன் அடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைந்திருக்கிறது. பறை நின்றுவிட்டது. வண்டியில் வந்தவர் இறங்கி, "அஞ்சலை அம்மா யாருங்க? அவங்க வீட்டுல அசைவு இல்லன்னு தகவல்" என்றாராம்.

கூட்டத்துக்கு நடுவே அம்மா எழுந்து நின்றாள். "நான்தான். இன்னா அசைவு வேணும் உனக்கு?"

சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லையாம். மாமாவுக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி வந்தபோது அரசாங்க ஆம்புலன்ஸுக்கு அடித்தும் வராமல், வண்டி கேட்டு எங்கெங்கோ அலைந்திருக்கிறார்கள். ஆட்டோ கிடைத்துக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. கூட்டத்தில் மாமாவின் தம்பி சொன்னார்:

"உசிருக்குப் போராடுனவனுக்கு ஒரு வண்டி வரல. அடுப்பு மூட்டாதவளுக்கு சைரன் போட்டுக்கினு வந்துக்குது பாரு. நியூசிலாந்துப் பணம்பா!"

அம்மா அதற்கு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு விட்டாள்.

வந்தவர்கள் வந்ததற்கு அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தே தீருவோம் என்று நின்றிருக்கிறார்கள். அம்மா ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பெரியாயி அத்தைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எனக்குக் கெடக்குது. இவளப் பாரு. சக்கரைக்காரி. நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணும் துன்னல. அழுது அழுது சாஞ்சிக்கினா. எல்லாரும் துக்கம்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

பார்த்தார்கள். சர்க்கரை அடி மட்டத்துக்கு இறங்கியிருந்தது. புருஷன் பொணத்துக்குப் பக்கத்திலேயே அத்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பாடை கட்ட வேண்டியிருந்திருக்கும் என்று அவர்களே சொன்னார்களாம்.

அத்தை கண் திறந்த பிறகு அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு, "அப்ப நாங்க போய்ட்டு வரோம்மா" என்றார்கள். எழவு வீட்டில் சொல்லும் சொல்லா அது? அங்கே யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள், எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள். தெருவே கத்தியது. "வரோம்னு சொல்றான் பாருங்க! வாய மூடிக்கினு போய்யா!" அவர்களுக்குப் பாவம் ஒன்றும் புரியவில்லை.

6

பொணத்தை எடுத்த பிறகு தம்பி வந்து சேர்ந்தான். அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை வீடியோவில் கூப்பிட்டார்கள்.

அவன் முகம் நன்றாக இல்லை. அத்தனை தூரமும் அம்மாவைப் பொணமாக நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறான். அவனையும் சும்மா குறை சொல்ல முடியாது.

"மணி அடிச்சிடுச்சும்மா" என்றான்.

"அடிச்சிது."

"நான் ஓடி வந்தேன்."

"வந்த."

"அப்ப கெளம்பு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அவ வுழலியேடா! எழவுக்குப் போனதுக்கெல்லாம் ஊர வுட்டுப் போகணுமா?"

"நீ சும்மா இருடி" என்றாள் அம்மா. "பேசுன பேச்சு பேச்சுதான். வரேன்டா. மூணாம் நாளு பால் ஊத்துற வரைக்கும் பெரியாயி வூட்டுல அடுப்பு எரியாது. அவளுக்கு நான்தான் சோறு எடுத்துக்கினு போவணும். பால் ஊத்திட்டா வரேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அம்மா பேச்சு மாறியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் மாறவில்லை. புடவைகளை மடித்துப் பையில் வைப்பதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு ரெண்டு பேரும் கேட்டுக்கங்க" என்றாள், மடித்துக்கொண்டே. "அந்த ஆளு நெஞ்சப் புடிச்சிக்கினு கெடந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். பட்டன் என் வூட்டு ஆணியில தொங்கிக்கினு இருந்துது. ரெண்டு வூடு. போயி எடுத்துக்கினு வந்து அழுத்தி இருக்கலாம். உனக்கு மட்டும்தான்னு சொன்னாங்க, நானும் கேட்டுக்கினேன். நான் யாரு பேச்சும் கேக்குறவ இல்ல. அன்னிக்கின்னு பாத்து கேட்டேன். அவன் தம்பி சொன்னதுல இன்னா தப்பு? இனிமே கேக்க மாட்டேன்."

 

தம்பி லீவு சொல்லிவிட்டுத் தங்கினான். அடுத்த நாள் மதியம் நான் சாப்பிடும்போது பார்த்தால் சமையல்கட்டு பச்சை மேல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. போன் செய்தேன். தம்பி எடுத்தான்.

"அம்மா எங்கடா?"

"பெரியாயி அத்த வூட்டுல. நான்தான் சோறு வடிச்சிக்கினு இருக்கேன். இந்த அம்மா கஞ்சித் தண்ணி எதுல வடிக்கும்னு தெரியுமாக்கா உனக்கு?"

அன்றைக்கே அத்தை மறுபடியும் தலை சுற்றி விழுந்திருக்கிறாள். அம்மா கழுத்தில் இருந்த பட்டனை அழுத்தினாள். அவள் அந்தப் பட்டனை அழுத்திய முதல் தடவையே அதுதான், அதுவும் வேறு ஆளுக்கு. வண்டி வந்தது. அத்தையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் கிடத்தியது தம்பி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அத்தைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அவன்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்து, "ஏழுமல, உன் அம்மாவக் கூட்டிக்கினு போயிடுவியாமே? நல்லதுதான்பா. புள்ள இருக்கிறவ போறா" என்றாளாம்.

பால் ஊற்றி முடிந்தது. அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தம்பியைக் காணோம். காரைக் காணோம். எழவு விழுந்த தெருவில் யாரும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது அல்லவா. சொல்லிக்கொள்ளாமல் ஓசூருக்குப் போய்விட்டான்.

"இன்னாடி இவன், பைய வுட்டுட்டுப் போயிட்டான்" என்று அம்மா எனக்குப் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். மறைக்கவும் இல்லை.

7

அதற்குப் பிறகுதான் பாம்பு கடித்த கரும்பு வெட்டும் ஆள். அதற்குப் பிறகுதான் பிரசவ வலி. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். பிறந்த பெண் பிள்ளைக்கு அம்மா பேரை வைப்பதாகச் சொன்னார்களாம். "அஞ்சலன்னு எவளாவது இந்தக் காலத்துல பேரு வெப்பாளா? நல்ல பேரா பாருங்கடி" என்று அம்மா விரட்டிவிட்டாள்.

போன வாரம் அந்தச் சென்னைப் பெண்ணிடம் நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"உங்க வண்டி போனதால ஒரு ஆளு பொழச்சிருக்கான். அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"அது இல்ல மேடம். சிஸ்டத்துல அவங்க பேருக்குத்தான் வண்டி போகும். பாம்பு கடிச்சவருக்கு அஞ்சலைன்னு ரெக்கார்ட் ஆயிடுச்சு. பிரசவம் ஆனதும் அஞ்சலைன்னுதான் இருக்கு. எழுபது வயசுல."

அதற்கும் சிரித்தேன். பிறகு மரியாதை போய்விட்டது. நீங்கள் செய்தது தனியாகக் கிடக்கிற ஒரு ஆளுக்கான கருவி, எங்கள் தெருவில் அப்படி ஒரு ஆள் இல்லை, உங்கள் சிஸ்டத்தைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். அவள் பாவம், யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறவள். "மேலிடத்துல சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் பயம் வந்தது. நிறுத்திவிட்டால்?

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு என்றேன்.

"நிறுத்தட்டும். பல்லியப் பேத்துக்கினு போவட்டும். உன் தம்பிகிட்ட போயிக் காக்கா மாதிரி உக்காந்துக்கிறேன். ஆனா பட்டன் என் கழுத்துல இருக்கிற வரைக்கும் எவன் வுழுந்தாலும் அழுத்துவேன்."

வேறு வழி இல்லாமல் தம்பிக்குச் சொன்னேன். இதுதான் சாக்கு என்று கிளம்பி வருவான் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவனிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தான்.

"அக்கா, கம்பெனியில பேசிட்டேன். அம்மா கனெக்‌ஷன் அப்படியே இருக்கும். வெளி ஆளுங்களுக்கு அழுத்துனா வண்டி வரும், அந்த ஆளு பேரு மட்டும் சொல்லணும். அதுக்கு அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டேன்."

"அவ்வளவு ஈசியா ஒத்துக்கினாங்களா?"

"ஈசியா இல்ல. புதுசா இன்னொரு கனெக்‌ஷன் எடுத்தா மேல பேசுறேன்னாரு மேனேஜரு. எடுத்துட்டேன்."

"யாருக்குடா?"

"பெரியாயி அத்தைக்கு. உறவு இன்னான்னு கேட்டாங்க. மகன்னு சொல்லிட்டேன். தப்பாக்கா?"

பஸ் டிப்போவில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். இந்த முறை யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

இப்போது என் போனில் ஆறு புள்ளி. நிலா பார்த்துவிட்டு, "யாரு இது? ரெண்டாவது ஆயாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேர் கேட்டாள். சொன்னேன். பெரியாயி என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் அவளாகவே வீடியோ போட்டு அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டாள். உடைந்த தமிழில் என்ன பேசினாளோ, சிரிப்புச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

இன்றைக்கு மதியம் சாப்பாட்டை வாயில் வைக்கும் நேரம் தம்பி அடித்தான். பதறிக்கொண்டு பேசினான்.

"அக்கா, பெரியாயி அத்த இன்னும் அடுப்பு மூட்டல. போனும் எடுக்கல. வாசக் கதவு மட்டும் தொறந்துக்குது. கம்பெனிக்குச் சொல்லட்டா? நான் கெளம்பட்டா?"

அவசரப்படாமல் போனைப் பார்த்தேன். அத்தை சமையல்கட்டு சிவப்பாகத்தான் இருந்தது. அம்மா சமையல்கட்டு வழக்கத்தைவிட ஜாஸ்தியாகப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"நீ எங்கயும் கெளம்ப வேணாம்" என்றேன். "நம்ம அம்மா அடுப்பப் பாருடா. ரெண்டு பேருக்கு எரியுது."